ஒரே நோய்ப் பரவலுக்கு நான்கு எண்ணிக்கைகள்: எதை வெளியிடுவது?

கேள்வி எழுப்பியவர்: வாராந்திரம்

வணக்கம். ஒரு தட்டம்மைப் பரவலின் வாராந்திர நிலவர அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் உள்ளது. ஒரே பகுதி, ஒரே காலம், ஒரே நோய். ஆயினும் என் மேசைக்கு வந்து சேரும் எண்கள் நான்கு. களக் கண்காணிப்புப் பிரிவின் பட்டியலில் 214 பேர் இருக்கிறார்கள். ஆய்வகத்தின் கணக்கில் 143 நேர்மறை முடிவுகள் உள்ளன. மருத்துவமனைகளின் உள்நோயாளிப் பதிவேடுகளைக் கூட்டினால் 96 வருகிறது. பொதுமக்களுக்கு வெளியாகும் அதிகாரபூர்வ அறிக்கையோ 171 என்கிறது. (இடம் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் எண்களை மாற்றித் தந்திருக்கிறேன். அவற்றுக்கிடையிலான உறவை மாற்றவில்லை.)

இவற்றுள் எது சரி என்று மேலதிகாரி கேட்கிறார். ஆய்வக எண்தான் அறிவியல் முறைப்படியானது, அதையே எடுத்துக்கொள்வோம் என்கிறார் சக ஊழியர் ஒருவர். பெரிய எண்ணைச் சொல்லிவிட்டால் பின்னால் யாரும் குறை சொல்ல முடியாது என்கிறார் இன்னொருவர். சராசரி எடுக்கலாம் என்ற யோசனைகூடக் கூட்டத்தில் எழுந்தது. மூன்றுமே எனக்கு உறுத்துகின்றன. ஆனால் ஏன் கூடாது என்று எடுத்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு இத்துறையில் பயிற்சி இல்லை.

இன்னும் இரண்டு சிக்கல்கள். பரவல் தொடங்கியதிலிருந்து கணக்கிடப்படும் மொத்த எண்ணிக்கை சென்ற வாரம் 178 ஆக இருந்தது. இந்த வாரம் 171 ஆகிவிட்டது. கூடிக்கொண்டே போக வேண்டிய எண் எப்படிக் குறையும் என்று கேட்பவர்களுக்கு என்ன விடை சொல்வது? அடுத்து, நாள்வாரியாக வரைபடம் வரைந்தால் கடைசி ஐந்தாறு நாள்களில் எப்போதும் ஒரு சரிவு தெரிகிறது. மறுவாரம் பார்த்தால் அந்தச் சரிவு நிரம்பியிருக்கிறது, அதற்கு வலப்பக்கத்தில் புதிய சரிவு ஒன்று தோன்றியிருக்கிறது. நோய் குறைகிறது என்று இதை வைத்துச் சொல்லலாமா?


களப்பணியாளன் எழுதியது:

நான்கு எண்களும் சரியாகவே இருக்கலாம் என்ற இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடை. 214 என்பது காய்ச்சலும் உடலில் தடிப்பும் கண்டதால் தட்டம்மையாக இருக்குமோ என்று சந்தேகித்துப் பதிவு செய்யப்பட்டவர்கள். 143 என்பது ஆய்வகத்தில் நேர்மறையாக வந்த முடிவுகள்; அவை இன்னும் ஆள்களாக மாற்றப்படவில்லை. 96 என்பது மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நோய் கடுமையானவர்கள், அதிலும் படுக்கை கிடைத்தவர்கள். 171 என்பது, நான் ஊகிப்பது சரியானால், ஆய்வகத்தில் உறுதியானவர்களோடு அவர்களிடமிருந்து தொற்றியதாகக் களத்தில் கண்டறியப்பட்டவர்களையும் சேர்த்த எண். உலக சுகாதார நிறுவனத்தின் தட்டம்மை வகைப்பாட்டின்படி, மாதிரியே எடுக்கப்படாத ஒருவருக்கும், ஆய்வகத்தில் உறுதியான நோயாளியோடு தொடர்பு இருந்து, இருவருக்கும் தடிப்புத் தொடங்கிய தேதிகளுக்கிடையே 7 முதல் 23 நாள்கள் இடைவெளி இருந்தால், அவர் உறுதி செய்யப்பட்டவராகவே எண்ணப்படுவார். ஆய்வகத்தின் எண்ணைவிட அதிகாரபூர்வ எண் பெரிதாக இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சராசரி ஏன் கூடாது என்பதற்கு விடையும் இதிலேயே இருக்கிறது. சந்தேகத்துக்குரிய ஆள்களையும் ஆய்வக முடிவுகளையும் மருத்துவமனைச் சேர்க்கைகளையும் கூட்டி வகுத்தால் வரும் எண், உலகில் உள்ள எதையும் எண்ணியதாக இருக்காது.

செய்ய வேண்டியது இது. வணிகவியல் படித்தவர்களுக்கு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் நினைவிருக்கும்: ரொக்க ஏட்டின் இருப்பும் வங்கிக் கணக்கின் இருப்பும் வேறுபட்டால், எது பொய் என்று யாரும் சண்டையிடுவதில்லை, ஒன்றிலிருந்து தொடங்கி, காரணம் சொல்லிக் கூட்டியும் கழித்தும் மற்றொன்றை அடைகிறார்கள். நோயாளி எண்ணிக்கைக்கும் அப்படி ஒரு பட்டியல் போடுங்கள். 143-இல் தொடங்கி 171-ஐ எப்படி அடைவது என்று ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயரோடு எழுதுங்கள். கடைசியில் காரணம் சொல்ல முடியாமல் எஞ்சுவது எவ்வளவோ, அதுவே உண்மையான முரண்பாடு. மற்றவை எல்லாம் வேறுபாடுகள் மட்டுமே.

இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. 2014-இல் உலகக் கவனத்துக்கு வந்து 2016 வரை நீடித்த மேற்கு ஆப்பிரிக்க எபோலாப் பரவலுக்கு 28,616 நோயாளிகள், 11,310 மரணங்கள் என்று சில இடங்களிலும், 28,652 நோயாளிகள், 11,325 மரணங்கள் என்று வேறு சில இடங்களிலும் படிப்பீர்கள். முதல் இணை, பரவல் கடுமையாக இருந்த கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளுக்கு மட்டும் உரியது. அதனோடு நைஜீரியாவின் 20, மாலியின் 8, அமெரிக்காவின் 4, செனகல், ஸ்பெயின், பிரிட்டன், இத்தாலி ஆகியவற்றின் தலா 1 என 36 பேரைக் கூட்டினால் 28,652 வந்துவிடும். மரணங்களிலும் அவ்வாறே நைஜீரியாவின் 8, மாலியின் 6, அமெரிக்காவின் 1 ஆகியவற்றைச் சேர்த்தால் கணக்கு ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. முரண்பாடாகத் தோன்றியது எல்லைக்கோடு எங்கே வரையப்பட்டது என்பதில் இருந்த வேறுபாடுதான். ஆனால் அந்த 28,652 பேருள் ஆய்வகத்தில் உறுதியானவர்கள் ஏறத்தாழ 15,000 பேர் மட்டுமே; மற்றவர்கள் சந்தேகத்துக்குரியவர்கள் அல்லது நோயாளியாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் என்ற வகைகளில் வருபவர்கள். எனவே கணக்கு நேரானபின்னும், எந்த வகைகள் கூட்டப்பட்டன என்பதைச் சொல்லாமல் அந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது.

178 எப்படி 171 ஆனது என்ற கேள்விக்கு வருகிறேன். சந்தேகத்தின் பேரிலோ தொடர்பின் பேரிலோ சேர்க்கப்பட்டவருக்குப் பரிசோதனையில் வேறு நோய் என்று தெரிந்தால் அவர் பட்டியலிலிருந்து விலக்கப்படுவார். மொத்த எண் குறையும். இது கண்காணிப்பு ஒழுங்காக நடப்பதன் அடையாளம். 2003-இல் சார்ஸ் என்ற மூச்சுத் தொற்றுநோய் ஓய்ந்த பிறகு, ஆகஸ்ட் மாத நிலவரப்படி 8,422 நோயாளிகளும் 916 மரணங்களும் பதிவாகியிருந்தன. உலக சுகாதார நிறுவனம் ஆண்டின் இறுதி நாள் தேதியிட்டு வெளியிட்ட இறுதி அட்டவணையில் அவை 8,096 ஆகவும் 774 ஆகவும் குறைந்தன. இந்தக் குறைவு ஏறத்தாழ முழுவதும் தைவானில் 325 பேர் விலக்கப்பட்டதால் வந்தது. அந்த அட்டவணையின் அடிக்குறிப்பை நான் மாணவர்களுக்கு எப்போதும் காட்டுவேன்: விலக்கப்பட்டவர்களுள் 135 பேருக்கு ஆய்வகத் தகவல் போதாமல் இருந்தது, அவர்களுள் 101 பேர் இறந்துவிட்டார்கள் என்பதையும் அது மறைக்காமல் சொல்கிறது. விலக்குவது என்பது "நோய் இல்லை" என்று நிறுவப்பட்டதாலும் இருக்கலாம், "நிறுவப் போதிய சான்று இல்லை" என்பதாலும் இருக்கலாம். உங்கள் பட்டியலில் இவ்விரண்டையும் தனித்தனிக் குறியீடுகளால் பதிவு செய்யுங்கள்.

ஒரு முன்தேவையைச் சொல்ல வேண்டும். கூட்டுத்தொகைகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. ஆளுக்கு ஒரு வரி என்று எழுதப்பட்ட லைன் லிஸ்ட் நான்கு தரப்பிலிருந்தும் வேண்டும். எந்த நாள், எந்த நேரம் வரையிலான பதிவுகள் என்ற குறிப்பும் ஒவ்வொன்றிலும் வேண்டும்.


ஆய்வக மேசை எழுதியது:

ஆய்வகத்தின் எண்ணே அறிவியல் முறைப்படியானது என்ற சக ஊழியருக்கு, ஆய்வகத்திலிருந்தே ஒரு மறுப்பு.

எங்களிடம் வருபவை மாதிரிகள். ஒரே குழந்தையிடமிருந்து இரத்தமும் தொண்டைத் தடவலும் வரும். ஒன்றில், தொற்றுக்கு எதிராக உடல் முதலில் உருவாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருளைத் தேடுவோம், மற்றதில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் செய்வோம். இரண்டும் நேர்மறையானால் எங்கள் கணக்கில் இரண்டு முடிவுகள். தடிப்புத் தோன்றிய முதல் மூன்று நாள்களுக்குள் எடுத்த இரத்தத்தில் ஐஜிஎம் இன்னும் உருவாகாமல் இருக்கலாம் என்பதால், எதிர்மறை வந்தாலும் மறுபடி ஒரு மாதிரி கேட்போம். அப்போது ஒரே ஆளுக்கு ஒரு எதிர்மறையும் ஒரு நேர்மறையும் இருக்கும். மாறாக, அண்மையில் தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தைக்கு வேறு காரணத்தால் காய்ச்சலும் தடிப்பும் வந்திருந்தாலும் ஐஜிஎம் நேர்மறையாக வரக்கூடும். அவரை நோயாளியாகக் கொள்வதா என்பதைத் தடுப்பூசித் தேதியைப் பார்த்துக் களப்பிரிவுதான் முடிவு செய்ய வேண்டும். ஆய்வக முடிவு ஒரு சான்று. வகைப்படுத்தல் அதற்கு அடுத்த படி.

லைன் லிஸ்ட்களை ஒப்பிடும்போது அதிகம் தவறு நேரும் இடம், இரட்டைப் பதிவுகளை நீக்கும் இடம். பெயர், வயது, முகவரி, கைப்பேசி எண் ஆகியவை ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று கொண்டு ஒன்றை அழித்துவிடுவது வழக்கம். தொற்றுநோயில் இது ஆபத்தானது. தட்டம்மை ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அண்ணனுக்கும் தங்கைக்கும் அடுத்தடுத்து வரும். முகவரி ஒன்று, பெற்றோரின் கைப்பேசி எண் ஒன்று, பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்கும், இரட்டைக் குழந்தைகளானால் பிறந்த தேதியும் ஒன்று. கணினி அவர்களை ஒருவராக்கிவிடும். அந்த ஒருவர் அழிக்கப்பட்டதால், ஒரே வீட்டுக்குள் நடந்த பரவலே பதிவிலிருந்து மறைந்துபோகும். மறுபுறம், பெயரின் முன்னெழுத்து ஒரு பட்டியலில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் எழுதப்பட்டிருப்பதால், ஒரே குழந்தை இரண்டு குழந்தைகளாக நிற்பதும் உண்டு. குழந்தைகளின் வயதை ஒருவர் மாதத்திலும் மற்றவர் ஆண்டிலும் எழுதுவது இதை இன்னும் குழப்பும். எனவே மென்பொருள் "ஐயத்துக்குரிய இணைகள்" என்று ஒதுக்கித் தரட்டும், இணைப்பதா வேண்டாமா என்பதை ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும். எந்தப் பதிவையும் அழிக்காதீர்கள். இது அதன் இரட்டை என்று குறித்து வைத்தால் போதும், பின்னால் திருத்திக்கொள்ளலாம். மாதிரியை எடுக்கும்போதே ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, அதே எண்ணைக் களப்படிவத்திலும் மாதிரிக் குப்பியிலும் எழுதினால் இந்த வேலையில் பெரும்பகுதி எழவே எழாது.

கோப்பு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வரிகள் தொலைவதையும் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் 15,841 கோவிட் நோயாளிகள் அன்றாட எண்ணிக்கையிலிருந்து விடுபட்டுப் போனார்கள். பழைய வகை எக்செல் கோப்பு 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது என்பதால் மிகுதி வெட்டுப்பட்டது. பரிசோதனை முடிவு அந்த நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர்களுடன் பழகியவர்களைத் தேட வேண்டியவர்களுக்குப் பட்டியல் போகவில்லை. அனுப்பிய வரிகள் எத்தனை, பெற்ற வரிகள் எத்தனை என்று ஒவ்வொரு முறையும் இரு தரப்பும் சரிபார்ப்பது ஒரு நிமிட வேலை.


எண்ணும் எழுத்தும் எழுதியது:

வரைபடத்தின் கடைசிச் சரிவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை வைத்து நோய் குறைகிறது என்று சொல்லவே கூடாது.

ஒரு நோயாளிக்குக் குறைந்தது ஐந்து தேதிகள் உண்டு: தடிப்புத் தொடங்கிய நாள், மாதிரி எடுத்த நாள், முடிவு வந்த நாள், கண்காணிப்புப் பிரிவுக்குத் தெரிவிக்கப்பட்ட நாள், அறிக்கையில் வெளியான நாள். நான்கு தரப்பும் நான்கு தேதிகளைப் பயன்படுத்தினால், ஒரே ஆள்களைக் கொண்டும் "இந்த வார எண்ணிக்கை" நான்காகப் பிரியும். பரவலின் போக்கை அறியத் தடிப்புத் தொடங்கிய நாளே சரியான அடிப்படை. ஆனால் நேற்றுத் தடிப்புக் கண்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் மருத்துவரிடமே போயிருக்க மாட்டார்கள். அதனால் வலது ஓரம் எப்போதும் குறையாகவே இருக்கும்.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு வார அறிக்கையையும் அன்றைய நிலையிலேயே சேமித்து வைப்பதில் தொடங்குகிறது. பழைய கோப்பின் மேல் புதியதை எழுதிவிடும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். சேமித்தவற்றை அடுக்கிப் பார்த்தால், ஒரு குறிப்பிட்ட நாளில் தடிப்புக் கண்டவர்களில் மூன்று நாளுக்குள் எத்தனை பங்கு பதிவானது, ஒரு வாரத்துக்குள் எத்தனை, இரண்டு வாரத்துக்குள் எத்தனை என்று தெரியும். எடுத்துக்காட்டாக, மூன்று நாளுக்குள் வழக்கமாக 40 விழுக்காடுதான் வந்து சேர்கிறது என்றால், இப்போது 20 என்று தெரியும் நாளின் உண்மையான எண் 50-ஐ ஒட்டி இருக்கும் என்று மதிப்பிடலாம். ஆனால் ஆய்வகத்தில் வேலை குவிந்தாலோ விடுமுறை வந்தாலோ இந்தத் தாமதமே மாறிவிடும்; பரவல் தீவிரமாகும் வேளையில்தான் ஆய்வகம் திணறும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே மதிப்பீட்டைத் தனி ஒற்றை எண்ணாக இல்லாமல் ஒரு வீச்சாகச் சொல்லுங்கள். அதைச் செய்ய ஆள் இல்லையென்றால், கடைசி ஒரு வாரத்தைச் சாம்பல் நிறத்தில் வரைந்து "பதிவுகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன" என்று எழுதினாலே போதும்.

வெளியான தேதியில் வரைவது எவ்வளவு தவறான படத்தைத் தரும் என்பதற்கு மெர்ஸ் என்ற கொரோனா வைரஸ் நோய் ஒரு சான்று. 2014 ஜூன் 3 அன்று சவூதி அரேபியா பழைய பதிவுகளை மறு ஆய்வு செய்து, முன்பு அறிவிக்கப்படாத 113 நோயாளிகளைச் சேர்த்தது. மொத்தம் 575-இலிருந்து 688 ஆனது. அந்த 113 பேரும் ஒரே நாளில் நோயுற்றவர்கள் இல்லை. 2020 பிப்ரவரி 12-ஆம் நாளுக்கு சீனாவின் ஹுபே மாகாணம் அறிவித்த 14,840 புதிய கோவிட் நோயாளிகளும் இப்படித்தான்: அவர்களுள் 13,332 பேர், ஆய்வக முடிவு இல்லாமல் மருத்துவரின் கணிப்பால் உறுதி செய்யப்பட்டவர்கள் என்ற புதிய வகையில் சேர்க்கப்பட்டவர்கள். பழைய வரையறையின்படி அன்றைய எண் 1,508 மட்டுமே. உலக சுகாதார நிறுவனம் தன் அன்றாட அறிக்கைகளில் பிப்ரவரி 17 முதல்தான் இரு வகைகளையும் சேர்த்து எண்ணத் தொடங்கியது என்பதால், அதற்கு முந்தைய சில நாள்களுக்கு ஒரே பரவலுக்கு இரண்டு வெவ்வேறு மொத்தங்கள் உலகெங்கும் உலவின.

இதுவரை பேசியது பட்டியல்களில் இருப்பவர்களைப் பற்றி. எந்தப் பட்டியலிலும் வராதவர்களைப் பற்றியும் உங்கள் அறிக்கை ஒரு வரியாவது சொல்ல வேண்டும். 2009-இன் எச்1என்1 காய்ச்சலில் ஆய்வகத்தில் உறுதியாகி அறிவிக்கப்பட்ட மரணங்கள் ஏறத்தாழ 18,500. பின்னர் வெளியான மதிப்பீடு, முதல் ஓராண்டில் மட்டும் 1,51,700 முதல் 5,75,400 வரை என்றது. நான்கு பட்டியல்களும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்திவிட்டாலும், நான்கும் சேர்ந்தே ஒரு பகுதியைத் தவறவிட்டிருக்கலாம்.

இரண்டு பட்டியல்களுக்கிடையே எத்தனை பேர் பொதுவாக இருக்கிறார்கள் என்பதிலிருந்து விடுபட்டவர்களைக் கணிக்கும் முறை ஒன்று உண்டு. விலங்கியலார் பிடித்து, அடையாளமிட்டு, விடுவித்து, மீண்டும் பிடித்து எண்ணும் முறையே அது. ஒரு பட்டியலில் 120 பேர், மற்றதில் 90 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 60 பேர் என்றால், மொத்தம் 120-ஐ 90-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்து 180 என்று கணிக்கலாம். இரண்டு பட்டியல்களையும் சேர்த்தால் தெரிபவர்கள் 150 பேர். ஆகவே 30 பேர் இரண்டிலும் இல்லை. ஆனால் ஒரு பட்டியலில் இருப்பதால் மற்றதில் இருக்கும் வாய்ப்புக் கூடவோ குறையவோ கூடாது என்பது இதன் அடிப்படை நிபந்தனை. மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் மாதிரி எடுக்கப்படுகிறது என்றால் அந்த நிபந்தனை உடைகிறது. கிடைக்கும் விடை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். எனவே இதை "குறைந்தது இத்தனை பேர்" என்ற அளவில் மட்டும் பயன்படுத்துங்கள், பொது அறிக்கையில் முதன்மை எண்ணாக வைக்காதீர்கள்.


அறிவிப்புப் பலகை எழுதியது:

பொது அறிக்கைகளை வெளியிடும் பக்கத்தில் பணியாற்றுபவன் என்ற முறையில், மேலே சொல்லப்பட்டவற்றோடு ஓரளவு வேறுபடுகிறேன். துறைக்குள் சரிக்கட்டும் பட்டியல் போடுவது அவசியம்; ஆனால் மக்கள் முன் நான்கு எண்களையும் அவற்றின் கூட்டல் கழித்தல்களையும் வைத்தால், எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம்தான் மிஞ்சும். ஒரு வரையறையைத் தேர்ந்தெடுத்து, பரவல் முடியும்வரை அதையே பிடித்துக்கொள்வதுதான் நல்லது.

வரையறையை மாற்றியே ஆக வேண்டுமென்றால், மாற்றத்தை முன்கூட்டி அறிவித்து, பழைய நாள்களுக்கும் புதிய வரையறையின்படி எண்ணிக்கையைத் திருத்தி, இரண்டு தொடர்களையும் சில வாரங்கள் அருகருகே வெளியிட வேண்டும். 2020 ஆகஸ்ட் 12 அன்று பிரிட்டனின் கோவிட் மரண எண்ணிக்கை 46,706-இலிருந்து 41,329 ஆகக் குறைந்தது. அதுவரை இங்கிலாந்தில் ஒரு முறை நேர்மறையானவர் எப்போது, எக்காரணத்தால் இறந்தாலும் எண்ணப்பட்டார். அன்றிலிருந்து பரிசோதனைக்குப் பின் 28 நாள்களுக்குள் நேர்ந்த மரணங்களே அன்றாட எண்ணாயின. எதிர்த்திசையில், பெரு நாடு 2021 மே 31 அன்று மரண வரையறையை விரிவாக்கி, 69,342 என்றிருந்ததை 1,80,764 ஆகத் திருத்தியது. இரண்டுமே வரையறை மாற்றங்கள்தான். ஆனால் பெருவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த ஒரு லட்சத்துப் பதினோராயிரம் பேரும் அதுவரை கணக்கில் இல்லாமல் இருந்தார்கள் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.


களப்பணியாளன் மறுமொழி:

முதன்மை எண் ஒன்றாக இருக்கட்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. நீங்கள் சொன்ன பெருவின் எடுத்துக்காட்டே உங்கள் மற்றொரு கருத்துக்கு எதிராகப் பேசுகிறது. பரவல் முடியும்வரை ஒரே வரையறையைப் பிடித்துக்கொண்டிருந்தால், பரிசோதனை வசதி குறைந்த இடத்தில் ஆய்வக உறுதியை மட்டும் கேட்கும் வரையறை, நோய் மிகும்தோறும் உண்மையிலிருந்து விலகிக்கொண்டே போகும். முதன்மை எண்ணுக்குக் கீழே மூன்றே வரிகள் போதும்: இதில் யார் யார் அடக்கம், எந்த நேரம் வரையிலான பதிவு, சென்ற முறையிலிருந்து ஏன் மாறியது. அதைப் படித்து மக்கள் குழம்புவதாக நான் கண்டதில்லை. காரணம் சொல்லாமல் எண் மாறும்போதுதான் குழம்புகிறார்கள்.


வாராந்திரம் மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. நான்கு லைன் லிஸ்ட்களையும் பெற்று, ஆய்வகத்தின் 143-இல் தொடங்கிப் பட்டியல் போட்டுவிட்டோம். ஒரே ஆளுக்கு வந்த கூடுதல் முடிவுகள் 17, கழித்தால் 126. எங்கள் பகுதிக்கு வெளியே வசிப்பவர்கள் 9, கழித்தால் 117. வேறு ஆய்வகங்களில் உறுதியானவர்கள் 6, கூட்டினால் 123. பரிசோதனை இல்லாமல் தொடர்பின் அடிப்படையில் உறுதியானவர்கள் 41, கூட்டினால் 164. ஆய்வகம் கோப்பை எடுத்த நேரத்துக்கும் அறிக்கை தயாரான நேரத்துக்கும் இடையில் வந்த முடிவுகள் 5, கூட்டினால் 169. அதிகாரபூர்வ எண்ணான 171-க்கு இன்னும் 2 பேர் எஞ்சுகிறார்கள்.

களப்பிரிவின் 214 பேரில் அந்த 169 பேர் உறுதியானவர்கள், 27 பேர் விலக்கப்பட்டவர்கள், 18 பேர் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள். சென்ற வாரத்து 178-இலிருந்து 11 பேர் விலக்கப்பட்டு 4 பேர் புதிதாகச் சேர்ந்ததால்தான் 171 ஆகியிருக்கிறது; விலக்கப்பட்ட 11 பேரில் 8 பேருக்கு, தட்டம்மையைப் போலவே காய்ச்சலும் தடிப்பும் தரும் ரூபெல்லா என்ற வேறு நோய்.

மருத்துவமனைக் கணக்கின் 96-இல் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டதால் இருமுறை எண்ணப்பட்டவர்கள் 6, வெளியூரார் 7. மீதி 83 பேரில் 80 பேர் களப்பட்டியலில் இருக்கிறார்கள். 3 பேர் இல்லை. இந்த மூவரை என்ன செய்வது? அந்த எஞ்சிய இருவரை என்ன செய்வது?


ஆய்வக மேசை மறுமொழி:

முதலில் அந்த இருவரும் இந்த மூவரில் இருக்கிறார்களா என்று பாருங்கள். மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் சொல்லப்பட்ட நோயாளிகள், படிவம் வருமுன்பே அறிக்கையில் ஏறிவிடுவது உண்டு.


களப்பணியாளன் மறுமொழி:

மூவரின் பெயர்களையும் இன்றே களப்பிரிவிடம் கொடுங்கள். எண்ணைச் சரிசெய்வது அதற்குப் பிறகு இருக்கட்டும். களப்பட்டியலில் பெயர் இல்லையென்றால் அவர்கள் வீட்டுக்கு இதுவரை யாரும் போகவில்லை என்று பொருள். உடன் இருந்தவர்களில் தடுப்பூசி போடாதவர்கள் யார், கைக்குழந்தையோ கருவுற்ற பெண்ணோ இருக்கிறாரா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இவ்வளவு ஒப்பிட்டுப் பார்த்ததன் முதல் பயன் இவர்கள் மூவரும் கண்ணில் பட்டதுதான். இருவரில் எவராவது அடையாளம் தெரியாமலே எஞ்சினால், அறிக்கையில் "விளக்கம் காணப்படாதவை" என்று அப்படியே எழுதுங்கள். கணக்கு நேராக வேண்டும் என்பதற்காக வேறு வரியில் சேர்த்துவிடாதீர்கள்.


வாராந்திரம் மறுமொழி:

எஞ்சிய இருவரில் ஒருவர் அந்த மூவரில் இருந்தார்; தொலைபேசி வழியாகச் சேர்க்கப்பட்டவர்தான். மற்றவருக்கு இன்னும் எந்தப் பதிவும் கிடைக்கவில்லை. விளக்கம் காணப்படாதவர் என்ற வரியில் அவரை வைத்திருக்கிறோம். களப்பிரிவினர் மூவர் வீடுகளுக்கும் சென்றார்கள். ஒரு வீட்டில் மேலும் இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சலும் தடிப்பும் இருந்தன, மாதிரிகள் போயிருக்கின்றன. முடிவு உறுதியானால் அவர்களைத் தடிப்புத் தொடங்கிய தேதியில் வரைபடத்தில் சேர்த்து, சென்ற வார எண் ஏன் உயர்ந்தது என்பதை முதன்மை எண்ணுக்குக் கீழே எழுதிவிடுவோம்.